மாத்திரைக்கு அடங்காத இரத்தசோகை: பதின்ம வயதில் சீலியாக் நோயை அறிவதும் பரிசோதிப்பதும்

14 வயது மகளுக்கு எட்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை, இரண்டு ஆண்டுகளாக உயரம் மிகக் குறைவாகவே கூடியிருக்கிறது, இன்னும் பூப்பெய்தவில்லை, வாயில் அடிக்கடி புண் வருகிறது. இப்படி எழுதியிருக்கும் தாய், பத்தாண்டுகளாகக் குர்கானில் வசிப்பதாகவும், வீட்டில் இரவு உணவு எப்போதும் சப்பாத்திதான் என்றும் சொல்கிறார். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. “கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்” என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறியிருக்கிறார். இது சீலியாக் நோயாக இருக்குமா, எந்தப் பரிசோதனையால் அது தெரியும், எண்டோஸ்கோப்பி செய்தே தீர வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில், தயவுசெய்து இப்போது கோதுமையை நிறுத்தாதீர்கள். உங்கள் உறவினர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை, பரிசோதனைக்கு முன் உணவை மாற்றுவது நோயைக் கண்டறியும் வழியையே அடைத்துவிடும். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உடல் எதிர்த்துக்கொண்டிருக்கும் நிலையைத்தான் காட்டுகின்றன. குளூட்டன் உள்ளே போவது நின்றுவிட்டால், இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குறையும். குடலும் மெல்ல ஆறத் தொடங்கும். அதன்பின் செய்யும் பரிசோதனை இயல்பாக வந்தால், அது நோய் இல்லாததாலா, உணவை நிறுத்தியதாலா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்போது மீண்டும் பல வாரங்கள் கோதுமையைச் சாப்பிட வைத்துப் பரிசோதிக்க வேண்டிவரும். பூப்புக்கால வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் அவ்வாறு செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பதே குழந்தைக் குடல்நோய் வல்லுநர்களின் அறிவுரை. உங்கள் மகள் நிற்பது சரியாக அந்த வாசலில்தான். ஆகவே இப்போது பொறுமையாக ஒழுங்காகச் செய்யும் ஒரே பரிசோதனை, பின்னால் வரக்கூடிய பெரிய சிக்கலைத் தவிர்க்கும்.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள இந்தக் குளூட்டனை உட்கொள்ளும்போது, மரபணு வாய்ப்புள்ள சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் துவாலையின் நூலிழைகளைப் போல நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் இந்தத் தாக்குதலில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உணவிலுள்ள சத்தை உறிஞ்சும் பரப்பு சுருங்கிவிடுகிறது. இது ஒவ்வாமை அன்று. வெறும் செரிமானக் கோளாறும் அன்று. தன்னுடல் தாக்கு நோய். நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1930-களிலேயே கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதும், பின்னர் ரொட்டி வந்தபோது மீண்டும் நலிவுற்றதும் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தின. அதை 1950-இல் தம் ஆய்வேட்டில் அவர் நிறுவினார். காரணம் தெரிந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் நோயாளிகளில் பெரும்பாலோர் கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அதற்கு முதற்காரணம், இந்த நோயைப் பற்றி நம் மனத்தில் பதிந்துள்ள படம். வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாமல் பேதியாகும் இரண்டு வயதுக் குழந்தை என்பதே அந்தப் படம். பதின்ம வயதில் நோய் பெரும்பாலும் அப்படித் தோன்றுவதில்லை. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே வரலாம். பேதிக்குப் பதில் மலச்சிக்கலாகக்கூட வரலாம். உடல் பருமனாக இருப்பதாலேயே இந்த நோய் இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த வயதில் நோய் வெளிப்படும் வழிகளில் மிகவும் கவனிக்க வேண்டியது, மாத்திரைக்கு அடங்காத இரும்புச்சத்துக் குறைபாடுதான். இரும்பை உடல் உறிஞ்சுவது பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில்; சீலியாக் நோய் மிகுதியாகச் சேதப்படுத்துவதும் அதே இடத்தைத்தான். வாய்வழி கொடுக்கும் மாத்திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உறிஞ்சும் இடமே பழுதாகிவிட்டால் பயன் குறைவாகத்தான் இருக்கும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் இரண்டு மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், அடுத்த பாட்டில் வாங்குவதற்கு முன் ஏன் ஏறவில்லை என்று கேட்டாக வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருப்பது இயல்புதான் என்று பழகிப்போன மனநிலை இங்கே பெருந்தீங்கு செய்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது அடையாளம் உயரம். ஒரே ஒரு நாள் அளந்த உயரம் எதையும் சொல்லாது. பள்ளி மருத்துவ அட்டை, தடுப்பூசிப் புத்தகம், பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றில் உள்ள அளவுகளைத் திரட்டி, வளர்ச்சி வரைபடத்தில் வரிசையாகக் குறிக்கச் சொல்லுங்கள். எட்டு வயதில் வரைபடத்தின் நடுக்கோட்டில் இருந்த பிள்ளை பதின்மூன்று வயதில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால், “அப்பாவும் குள்ளம்தானே” என்னும் சமாதானம் செல்லாது. பெற்றோர் குள்ளமாக இருக்கும் பிள்ளை, தொடக்கம் முதலே கீழ்க்கோட்டை ஒட்டித்தான் வளரும். கோடுவிட்டுக் கோடு இறங்குவது வேறு செய்தி. பூப்பு தள்ளிப்போவதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 13 வயதுவரை மார்பக வளர்ச்சி தொடங்காமலோ, 15 வயதுவரை மாதவிடாய் வராமலோ இருந்தால் அதுவே தனியாக ஆராயத்தக்கது. ஆண்பிள்ளைகளில் 14 வயதுவரை பருவ மாற்றம் தொடங்காமலிருப்பது அதற்கு நிகர். உங்கள் மகள் 15-ஐ எட்டவில்லை என்றாலும், இரத்தசோகையும் வளர்ச்சித் தேக்கமும் உடன் இருப்பதால் காத்திருக்க வேண்டாம்.

மற்ற குறிகள் சிதறிக் கிடப்பவை: திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், நிலைத்த பற்களின் எனாமலில் இரு பக்கமும் ஒத்தாற்போல் தோன்றும் பழுது, தீராத களைப்பு, தலைவலி, மூட்டுவலி, சிறு அடியிலேயே எலும்பு முறிதல், வேறு காரணமின்றிச் சற்று உயர்ந்திருக்கும் கல்லீரல் நொதிகள். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாக எழும்பித் தாங்க முடியாமல் அரிக்கும் சிறு கொப்புளங்கள் சீலியாக் நோயின் தோல் வடிவமாக இருக்கலாம். சொறி மருந்து தடவியும் போகாத நிலையில் தோல் மருத்துவரிடம் இந்த ஐயத்தைச் சொல்லலாம். எரிச்சல், மனச்சோர்வு, படிப்பில் நாட்டமின்மை ஆகியவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடுவது எளிது. சாப்பிட்டதும் வயிறு உப்புவதால் உணவையே தவிர்க்கும் பெண்ணை, மெலிய வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடப்பதாகத் தவறாகக் கருதிவிடுவதும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது மகளைச் சற்று நேரம் தனியாகப் பேச விடுங்கள். மலம் போவது பற்றியும் வயிற்றுப் பொருமல் பற்றியும் தாய் தந்தை முன்னிலையில் 14 வயதுப் பிள்ளை முழுதாகச் சொல்வது அரிது.

“தமிழர்களுக்கு இந்த நோய் வருமா?” என்ற கேள்வியும் உங்கள் மடலில் இருந்தது. நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினருக்கும், தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் மட்டுமே இருந்தது. ஆனால் நோய்க்கு வாய்ப்பளிக்கும் மரபணுக்கள் இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆகவே தெற்கத்திய உடல்வாகு நமக்குத் தனிக் காப்பு எதையும் தந்துவிடவில்லை. அரிசிச் சோறுதான் பெருமளவு காத்திருக்கக்கூடும் என்று கொள்வதே பொருத்தம். சப்பாத்தி அன்றாட உணவாகிவிட்ட குர்கான் வீட்டில் வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. இரவுதோறும் பரோட்டாவும் சப்பாத்தியும் உண்ணும் கோவை, சென்னைப் பிள்ளைகளைப் பற்றியும் மருத்துவர்கள் இதே ஐயத்தைக் கொள்வது நல்லது.

இனிப் பரிசோதனை. கேட்க வேண்டியவை இரண்டு: டி.டி.ஜி. – ஐ.ஜி.ஏ. (tTG-IgA) எனப்படும், உடலின் சொந்த நொதி ஒன்றைத் தாக்கும் எதிர்ப்பொருள், அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. இரண்டையும் ஒரே இரத்த மாதிரியில் பார்க்கலாம். வெறும் வயிற்றில் இருக்கத் தேவையில்லை. இரண்டாவதை ஏன் விடக்கூடாது என்றால், சிலருக்கு ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளே உடலில் உருவாவதில்லை. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் முதல் பரிசோதனை இயல்பு என்றே காட்டும். மொத்த ஐ.ஜி.ஏ. மிகக் குறைவு என்று தெரிந்தால், ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைச் சோதிக்கும் வேறு முறைகள் உள்ளன. ஆய்வகத்தில் “சீலியாக் டெஸ்ட்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் பழைய கிளையடின் எதிர்ப்பொருள் சோதனையைச் செய்து தந்துவிடக்கூடும்; அதன் நம்பகத்தன்மை குறைவு என்பதால் இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை. நூறு உணவுகளின் பெயரைப் பட்டியலிட்டு எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் ஐ.ஜி.ஜி. உணவுச் சோதனைகளுக்கும், தலைமுடியை அனுப்பிச் செய்யும் சோதனைகளுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள்.

பரிசோதனை நாள்வரை கோதுமை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்கு பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் தெளிவான அளவு தருகிறது: நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவு, குறைந்தது ஆறு வாரம். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் இரண்டு ரொட்டித் துண்டும் இரவில் இரண்டு சப்பாத்தியும் சாப்பிடும் பிள்ளைக்குத் தனியாக எதுவும் கூட்ட வேண்டியதில்லை. உங்கள் மடல் வந்த நாளுக்கும் இதைப் படிக்கும் நாளுக்கும் இடையில் ஓரிரு வாரம் நிறுத்தியிருந்தால், மீண்டும் வழக்கம்போல் கொடுங்கள்; பரிசோதனையின்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல மாதம் நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கு வழி வேறு. அவர்களுக்கு முதலில் எச்.எல்.ஏ. மரபணுச் சோதனை செய்யலாம். அதற்கு உணவு நிலை ஒரு பொருட்டன்று. டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் இரண்டு வகைகளும் இல்லையென்றால் சீலியாக் நோய் ஏறத்தாழ முற்றிலும் இல்லை என்று முடிவு செய்யலாம். இருந்தால் மட்டும் நோய் என்று பொருளாகாது. மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்த மரபணுக்கள் உண்டு, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. எனவே கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதை முதல் சோதனையாகச் செய்வது வீண்.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு வரம்பைப் பாருங்கள். ஒவ்வொரு ஆய்வகமும் வெவ்வேறு நிறுவனத்தின் கருவிப்பெட்டியைப் பயன்படுத்துவதால் வரம்பு மாறும். வரம்பு 20 என்னும் ஆய்வகத்தில் 120 வந்தால் அது ஆறு மடங்கு. வரம்பு 10 என்னும் ஆய்வகத்தில் அதே 120 பன்னிரண்டு மடங்கு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது எண்டோஸ்கோப்பி பற்றிய உங்கள் கேள்வியோடு சேர்ந்தது.

முன்பு எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி கட்டாயமாக இருந்தது. ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, டி.டி.ஜி. அளவு இயல்பு வரம்பின் மேல் எல்லையைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது இரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ. என்னும் எதிர்ப்பொருளும் இருப்பது உறுதியானால், குழந்தைகளிலும் பதின்ம வயதினரிலும் எண்டோஸ்கோப்பி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். ஆனால் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசி எடுக்கும் முடிவாகவே அது இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் எண்டோஸ்கோப்பி தேவை. ஈ.எம்.ஏ. பரிசோதனையைத் தேர்ந்த கண்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், அது எல்லா ஊர்களிலும் நம்பத்தக்க வகையில் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காத இடத்தில், வாழ்நாள் முழுவதும் ஓர் உணவை விலக்கச் சொல்லும் முடிவை ஒற்றை இரத்தச் சோதனையின்மேல் கட்டுவதைவிட எண்டோஸ்கோப்பி செய்துகொள்வதே மேல் என்பது என் தெளிவான கருத்து.

அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் செய்து, உறங்க வைக்கும் மருந்து கொடுத்து, மெல்லிய குழாயை வாய்வழியாகச் சிறுகுடலின் தொடக்கம்வரை செலுத்திப் பார்ப்பார்கள்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். திசு கிள்ளி எடுப்பது வலிப்பதில்லை. நீங்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எத்தனை திசுத் துண்டுகள் எடுப்பார்கள்? சேதம் திட்டுத் திட்டாக இருக்கலாம் என்பதால், முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழிலிருந்து குறைந்தது ஒன்றும், அதற்கு அடுத்த பகுதியிலிருந்து குறைந்தது நான்கும் எடுக்க வேண்டும். கண்ணுக்குக் குடல் நன்றாகத் தெரிகிறது என்று திசு எடுக்காமல் விடுவது, செய்த வேலையையே பயனற்றதாக்கிவிடும். அறிக்கையில் மார்ஷ் என்ற பெயரோடு ஒரு படிநிலை எண் இருக்கும். 3 என்பது குடலுறிஞ்சிகள் தேய்ந்துள்ளதைக் குறிக்கும். 1 என்பது மட்டும் இருந்தால் நோய் உறுதியாகிவிட்டதாகக் கொள்ள முடியாது.

குடலுறிஞ்சிகள் தேய்ந்திருப்பது ஒன்றை மட்டும் வைத்து நோயை முடிவு செய்துவிடவும் கூடாது. நம் நாட்டில், குறிப்பாகத் தெற்கில் நெடுங்காலமாக அறியப்பட்ட ட்ராபிகல் ஸ்ப்ரூ என்னும் நோயிலும், ஜியார்டியா ஒட்டுண்ணித் தொற்றிலும், சில நோயெதிர்ப்புக் குறைபாடுகளிலும் அதே தோற்றம் வரக்கூடும். திசு பாதிக்கப்பட்டிருந்தும் எதிர்ப்பொருள் இல்லையென்றால் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும். ட்ராபிகல் ஸ்ப்ரூவுக்கு மருத்துவம் நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமிலமும், கோதுமை விலக்கு அன்று. இரத்தப் பரிசோதனை முழுதும் இயல்பாக வந்தால், இரத்தசோகைக்குத் தலசீமியா மரபுக்கூறு, இரைப்பைக் கிருமித் தொற்று, கண்ணுக்குத் தெரியாத குடல் இரத்தக் கசிவு ஆகியவற்றையும், வளர்ச்சித் தேக்கத்துக்குத் தைராய்டு குறைபாடு, குரோன் நோய், குடல் காசநோய், பெண்பிள்ளைகளில் டர்னர் நோய்க்குறி ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார். டர்னர் நோய்க்குறி, முதல்வகை நீரிழிவு, தன்னுடல் தாக்குத் தைராய்டு நோய், டவுன் நோய்க்குறி ஆகியவை உள்ளவர்களுக்குச் சீலியாக் நோயும் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும்.

டி.டி.ஜி. சற்றே உயர்ந்து, திசு இயல்பாக இருக்கும் இடைநிலையும் உண்டு. பெற்றோருக்கு மிகுந்த குழப்பம் தருவது இதுவே. அத்தகைய பிள்ளையைக் கோதுமை உண்ண வைத்தபடியே, சில மாத இடைவெளியில் மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள். சிலருக்கு எதிர்ப்பொருள் தானே மறைந்துவிடுகிறது, சிலருக்கு நோய் பின்னர் வெளிப்படுகிறது. சிகிச்சை இல்லாமல் காத்திருப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான். அந்த இடைவெளியில் நாமாகக் கோதுமையை நிறுத்துவது கூடாது.

நோய் உறுதியானால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஃபோலேட், பி12, வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல் நொதி ஆகியவற்றை அடிப்படை அளவாகப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். இட்லி, தோசை, பொங்கல், கேழ்வரகு, கம்பு, தினை என்று நம் சமையலில் இடம் நிறையவே இருக்கிறது. ரவை, சேமியா, மைதா ஆகியவை கோதுமையே என்பதை மட்டும் பிள்ளைக்குப் புரியவையுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். சத்துபானங்கள் பலவற்றில் பார்லி மால்ட் உண்டு. கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த கேழ்வரகு மாவும் தூயதன்று. பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று அச்சிட நம் நாட்டு உணவுச் சட்டம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை மாவுகூட எவ்வளவு என்பது இதிலிருந்து தெரியும். இதையெல்லாம் உணவியல் வல்லுநர் ஒருவரோடு அமர்ந்து பேசும்போது மகளும் உடன் இருக்கட்டும், ஏனெனில் பள்ளிச் சிற்றுண்டியகத்திலும் தோழியின் பிறந்தநாளிலும் முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான்.

உணவை மாற்றிய பின் டி.டி.ஜி. அளவை ஆறு மாதத்திலும் பின்னர் ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். ஓராண்டில், சிலருக்கு இரண்டு ஆண்டில் அது இயல்புக்கு இறங்கும். இந்த வயதில் குடல் ஆறினால் உயரமும் பருவ வளர்ச்சியும் பெருமளவு மீளக்கூடியவை. எலும்பின் முனைகள் மூடிவிட்டால் இழந்த உயரம் திரும்பாது. தாமதம் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மகளுக்கு நோய் உறுதியானால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், பெற்றோர் இருவரும் உடன்பிறந்தோரும் அதே இரண்டு இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். நெருங்கிய இரத்த உறவினரில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பேருக்கு இந்த நோய் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அந்தப் பரிசோதனை முடியும்வரை வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி தொடரட்டும். மகளுக்கு மட்டும் தனி மாவு, தனிப் பலகை, தனிக் கல்.